இரண்டு சிப் இருந்தால் இரண்டு மடங்கு வேகமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் கேம்ஸ் விளையாடத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரே கார்டில் இரண்டு சிப் உள்ள பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டு சிப் என்றால் வேகமும் இரண்டு மடங்குதானே? வாங்கலாமா?"

வேண்டாம் என்பதே என் பதில். இந்தக் கார்டுகளில் வேகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் சூடு மட்டும் நிச்சயம் கிடைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சிப்பின் வேகம் போதவில்லை என்றால், அதே போர்டில் இன்னொரு சிப்பையும் வைத்து விடலாம் என்ற எண்ணம் புதியது அல்ல. 1999ல் ஏடிஐ நிறுவனம் ரேஜ் ஃப்யூரி மேக்ஸ் என்ற கார்டை இப்படி வெளியிட்டது. விண்டோஸ் 98ல் இரண்டு சிப்களும் வேலை செய்தன. விண்டோஸ் 2000ல் ஒன்று மட்டுமே வேலை செய்தது. காரணம், அதற்கான டிரைவர் இல்லை. அதாவது முதல் நாளிலிருந்தே இரண்டாவது சிப் டிரைவரின் தயவில்தான் இருந்திருக்கிறது. பின்னர் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 690 (2012), ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7990 (2013), ஆர்9 295எக்ஸ்2 (2014) ஆகியவற்றின் கதையும் இதுதான்.

இரண்டு சிப்களும் வேலையை எப்படிப் பங்கிட்டுக் கொள்கின்றன? திரையில் தோன்றும் படங்களை ஃபிரேம் என்கிறோம். 1, 3, 5 ஆகிய ஃபிரேம்களை ஒரு சிப்பும், 2, 4, 6 ஆகியவற்றை மற்றொரு சிப்பும் வரையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல கேம்களில் ஒரு ஃபிரேமை வரைய, அதற்கு முந்தைய ஃபிரேமின் தகவல் தேவைப்படும். அப்போது ஒரு சிப் மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் கேமுக்கு ஏற்ற அமைப்பு டிரைவரில் இல்லை என்றால் இரண்டாவது சிப் சும்மா இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லி விநாடி இடைவெளியில் வர வேண்டும். இரண்டு சிப்கள் மாறி மாறி வரையும்போது ஒன்று 5 மில்லி விநாடியிலும், அடுத்தது 28 மில்லி விநாடியிலும் வந்தால்? சராசரிக் கணக்கில் அது 60தான். ஆனால் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய 35 போலத் திக்கித் திக்கித் தெரியும். இதைச் சரி செய்ய ஏஎம்டி 2013 ஆகஸ்ட்டில் தனி டிரைவரே வெளியிட வேண்டியிருந்தது.

மெமரியிலும் ஏமாறாதீர்கள். ஜிடிஎக்ஸ் 690ன் பெட்டியில் 4 ஜிபி என்று இருக்கும். ஒரு சிப்புக்கு 2 ஜிபி. ஒரே தகவலை இரண்டும் தனித்தனியாக வைத்துக் கொள்வதால், கேமுக்குப் பயன்படுவது 2 ஜிபி மட்டுமே.

இனி சூட்டுக்கு வருவோம். கார்டு எடுத்துக் கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 295எக்ஸ்2 கார்டு 500 வாட் எடுக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதி! முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் அந்தக் கார்டு மட்டும் ஒரு யூனிட் மின்சாரம் செலவழிக்கும். காற்று மட்டும் போதாது என்பதால்தான் அதற்குத் தண்ணீரில் குளிரூட்டும் அமைப்பைக் கொடுத்தார்கள். அது நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். ஆனால் ஃபேன் பொருத்திய ரேடியேட்டரை வைக்கக் கேபினட்டில் இடம் வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய பம்ப்பை நம்பிப் பழைய கார்டு வாங்குவது சரியா என்று யோசியுங்கள்.

ஜிடிஎக்ஸ் 690ல் ஃபேன் நடுவில் இருக்கும். ஒரு பக்கத்துச் சூடான காற்று கேபினட்டுக்கு வெளியே போகும். மறுபக்கத்துக் காற்று கேபினட்டுக்கு உள்ளேயே வந்து விழும். அதை வெளியேற்றத் தனி ஃபேன் இல்லை என்றால் பிராசசர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்து சூடாகும்.

விமர்சனங்களில் வரும் வெப்பநிலையை அப்படியே நம்பி விடக் கூடாது. அறையின் வெப்பத்தோடு சேர்த்துத்தான் சிப்பின் வெப்பத்தைக் கணக்கிட வேண்டும். 25 டிகிரி அறையில் 75 டிகிரி காட்டும் சிப், நம் ஊர் வெயிலில் 35 டிகிரி அறையில் சுமார் 85 டிகிரியைத் தொடும். எல்லை வந்ததும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். 295எக்ஸ்2க்கு அந்த எல்லை 75 டிகிரிதான். காசு கொடுத்து வாங்கிய வேகம் இப்படியும் போய் விடும்.

இன்றைய நிலை என்ன? 2021 ஜனவரி முதல் பழைய கார்டுகளின் இரட்டை சிப் முறைக்குப் புதிய கேம் அமைப்புகளைத் தருவதை என்விடியா நிறுத்தி விட்டது. நான் மேலே சொன்ன 2012 முதல் 2014 வரையிலான மூன்று கார்டுகளும் அதே 2021ல் வழக்கமான டிரைவர் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு விட்டன. ஆகவே புதிய கேம்களில் இரண்டாவது சிப் பெரும்பாலும் வேலை செய்யாது என்றே எடுத்துக் கொள்ளுங்கள்.

இப்போது ஒற்றை சிப் கார்டுகளே சூட்டில் இவற்றை மிஞ்சி விட்டன. 2025ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்றே 575 வாட் எடுக்கும். எனவே எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் அது எத்தனை வாட் என்று கேளுங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்குமா, கேபினட்டில் முன்பக்கம் காற்று வந்து பின்பக்கம் வெளியேறுகிறதா என்று பாருங்கள். ஜிபியு-இசட் போன்ற இலவச புரோகிராமில் விளையாடும்போது வெப்பத்தைக் கவனியுங்கள். ஹீட் சிங்க்கில் படியும் தூசியை அவ்வப்போது நீக்குங்கள்.

உங்களிடம் இருக்கும் பணத்துக்கு, டிரைவர் தொடர்ந்து கிடைக்கும் ஒற்றை சிப் கார்டு ஒன்றை வாங்குங்கள். அது நடுத்தரக் கார்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் வேகம் எல்லாக் கேமிலும் உங்களுக்குக் கிடைக்கும்.