வெள்ளைக் கால் சொல்லாத சேதி

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கால்நடை மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. கால் வெள்ளையாக இருந்தால் மருந்து கொடுக்காதே என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இயைபோடு நான்கே சொல்லில் முடிந்துவிடும். இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோலி போன்ற மந்தை நாய்களுக்குப் பாதம் பெரும்பாலும் வெள்ளை. அந்த நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆகாது. எனவே பாதத்தைப் பார், ஊசியைக் கீழே வை.

இந்த வாய்ப்பாட்டால் பிழைத்த நாய்கள் நிறைய. அதை மறுக்கவில்லை. ஆனால் இது காரணம் தெரியாத காலத்தில் உண்டான விதி. காரணம் 2001-லேயே தெரிந்துவிட்டது. அதற்கான மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. அப்படியும் சோதனை என்று பேச்செடுத்தால், நாய் வளர்ப்பவர்களிடமிருந்து வரும் பதில் இதுதான்: “கோலிக்கு ஐவர்மெக்டின் போடக் கூடாது, அவ்வளவுதானே? அதற்கு எதற்குச் சோதனை?” அந்த ‘அவ்வளவுதானே’வுக்குள் அரை டஜன் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் காரணத்தைப் பார்த்துவிடுவோம். அது வெளிப்பட்ட கதை ஆம்ஸ்டர்டாமில், எலிகளிடம் தொடங்குகிறது. நெதர்லாந்துப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழுவினர், எம்.டி.ஆர்.1 வகையைச் சேர்ந்த ஒரு மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கியிருந்தார்கள். பார்வைக்கு அவை சாதாரண எலிகள்தாம். எலிக் கூடத்தில் சிற்றுண்ணி பரவியது. வழக்கம்போல் எல்லா எலிகளுக்கும் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகள் சும்மா திரிந்தன; மரபணு நீக்கிய எலிகளோ கொத்தாகச் செத்தன. மருந்து அவற்றின் மூளைக்குள் குவிந்திருந்தது. 1994-ல் வெளியான அந்த ஆய்வு, இவ்வகை எலிகளுக்கு ஐவர்மெக்டினின் நச்சு சுமார் நூறு மடங்கு கூடுதலாக ஏறுகிறது என்று காட்டியது.

வாஷிங்டன் மாநிலத்தில் புல்மன் என்ற சிற்றூரில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கேத்ரினா மீலி இதே மரபணுவைக் கோலி நாய்களிடம் தேடிப் பார்த்தார். ஐவர்மெக்டினுக்குச் சுருண்டு விழும் கோலிகள் எல்லாவற்றுக்கும் எம்.டி.ஆர்.1 மரபணுவில் நான்கே எழுத்துகள் விடுபட்டிருந்தன. நான்கு எழுத்து போனதும் மீதி வாசகம் குழம்பி, இடையிலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்குகூட உருவாகாமல் புரதம் அறுந்து நிற்கிறது.

பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற அந்தப் புரதம் மூளைக்குப் போகும் நுண் ரத்தக் குழாய்களின் சுவரில் காவல் நிற்பது. வேண்டாத சரக்கு நுழைந்தால் கழுத்தைப் பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். ஐவர்மெக்டின் புழுவின் நரம்பைச் செயலிழக்கச் செய்கிறது. பாலூட்டிகளுக்கு அது சாதுவாக இருப்பதற்குப் பெரிய காரணம் இந்தக் காவல்தான். காவல் போனால் மருந்துக்கு மூளை திறந்த வீடு. கண்மணி விரியும், எச்சில் வழியும், கால் பின்னும், பார்வை போகும், கடைசியில் நினைவு தப்பும். முறிமருந்து என்று ஒன்று கிடையாது. செயற்கைச் சுவாசம், குளுக்கோஸ், புரட்டிப் படுக்கவைத்தல் என்று நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டால் பிழைக்கலாம்.

எனவே இதை ‘அலர்ஜி’ என்று சொல்வதை விட்டுவிடலாம். அலர்ஜி என்றால் துளி மருந்துக்கும் உடம்பு பொங்கும். இங்கே எல்லாம் அளவின் கணக்கு. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். பாதத்தை வெள்ளையாக்கும் மரபணு வேறு, எம்.டி.ஆர்.1 வேறு. கோலியிடம் இரண்டும் சேர்ந்திருப்பது பரம்பரைத் தற்செயல். அமெரிக்கக் கோலிகளில் சுமார் 70 சதவீதத்துக்கு, தாய் வழியிலும் தந்தை வழியிலும் வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றிலாவது இந்தப் பழுது இருக்கிறது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் பாதி. (பெயரை நம்ப வேண்டாம், அது அமெரிக்கப் பண்ணைகளில் உருவான இனம்.) வெள்ளைக் காலுக்குப் பேர்போன பார்டர் கோலியிலோ நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வெள்ளைப் பாதமே இல்லாத ஜெர்மன் ஷெப்பர்டில் பத்தில் ஒன்று. வாய்ப்பாட்டின்படி போனால் பெரும்பாலும் ஆபத்தில்லாத பார்டர் கோலிக்கு மருந்து மறுக்கப்படும். பழுப்புக் கால் ஷெப்பர்டுக்கு யோசிக்காமல் போடப்படும்.

இதைவிட விநோதம் நீள்முடி விப்பெட். வேட்டை நாய் மாதிரி ஒடிசலான உடல். ஆட்டை மேய்த்த வரலாறு கிடையாது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்குப் பழுது இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் நெஃப் குழுவினர் 2004-ல் இதைத் துருவிப் பார்த்தார்கள். இத்தனை இனங்களிலும் இருப்பது ஒரே பழுது என்றும், நாய் இனங்களுக்குப் பதிவேடு போட்டு வேலி கட்டும் முன்பு, 1870-களுக்கு முந்திய பிரிட்டனில் வாழ்ந்த ஒரே ஒரு நாயிடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்றும் கண்டார்கள். அந்த நாயின் வாரிசுகள் எந்தெந்தக் கொட்டிலுக்குப் போயின என்பதைப் பதிவேடு முழுதாகச் சொல்லாது. கலப்பின நாய்களிலும் இது தென்படுகிறது. “என் நாய் கோலி இல்லையே” என்பது அதனால் பாதி பதில்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. அல்சேஷன் என்று நாம் அழைத்துவந்த ஜெர்மன் ஷெப்பர்ட் இங்கே தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போடுவதும் இங்கே சகஜம். மாட்டுக்கு வரும் ஒரு சதவீத மருந்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 30 கிலோ நாய்க்கு 0.6 மில்லிலிட்டர், சிரிஞ்சில் பார்த்தால் ஒன்றுமேயில்லாத மாதிரி தெரியும். பழுதின் இரண்டு பிரதியும் உள்ள நாய்க்கோ கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே தள்ளாட்டம் தொடங்கிவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தரும் வாதம்: “ஐவர்மெக்டினை மட்டும் தவிர்த்தால் போதும்.” காவலாளி ஒரே ஒரு திருடனைப் பிடிக்கவா நிற்கிறான்? பேதியை நிறுத்த மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லோப்பரமைடை எடுத்துக்கொள்ளுங்கள். அது அபின் குடும்பத்து மருந்து. குடித்தால் நமக்குப் போதை ஏறாததற்குக் காரணம், இதே புரதம் அதை மூளைக்கு வெளியே நிறுத்துவதுதான். பழுதுள்ள கோலிக்கு வழக்கமான அளவு கொடுத்தாலே அது மயங்கித் தள்ளாடும். வீட்டுக்காரர் தாமாகவே கொடுக்கக்கூடிய மாத்திரை என்பதால் ஐவர்மெக்டினைவிட இதுதான் நைசாக உள்ளே வரும். அறுவைக்கு முன் அமைதிப்படுத்தப் போடும் அசிப்ரோமசீன், வலிக்குப் போடும் பியூட்டார்ஃபனால் இரண்டும் இந்த நாய்களை ஆழமாகவும் நெடுநேரமும் மயக்கத்தில் ஆழ்த்திவிடும். போடவே கூடாது என்றில்லை. இரண்டு பிரதி இருந்தால் அளவை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு குறைப்பது என்று பாதத்தின் நிறம் சொல்லுமா?

புற்றுநோய் மருந்துகளிடம் போனால் விவகாரம் இன்னும் தீவிரம். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் போன்றவற்றை உடலை விட்டு வெளியேற்றுவதிலும், குறிப்பாகப் பித்தத்தின் வழியே, இதே புரதம்தான் வேலை செய்கிறது. அது பழுதானால் மருந்து உள்ளேயே தங்கும். எலும்பு மஜ்ஜை சோர்ந்து வெள்ளணுக்கள் விழும், குடல் புண்ணாகும். நம்மூர் நாய்களிடம் அதிகம் பார்க்கும் பாலுறவால் தொற்றும் கட்டிக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசிதான் வழக்கமான வைத்தியம். கட்டி வந்திருப்பது ஷெப்பர்டுக்கோ அதன் கலப்புக்கோ என்றால், முதல் ஊசிக்கு முன் சோதனை செய்வது ஆடம்பரம் ஆகாது.

ஒரு பிரதி மட்டும் இருந்தால் பயமில்லை என்பதும் இந்த இடத்தில்தான் உடைகிறது. மீலியின் 2001 ஆய்வில், கிலோவுக்கு 120 மைக்ரோகிராம் ஐவர்மெக்டினுக்கு ஒற்றைப் பிரதி நாய்கள் தாக்குப்பிடித்தன என்பது உண்மை. அதே வகை நாய்களுக்கு வின்கிரிஸ்டின் முழு அளவில் போனால் ரத்த அணுக்கள் சரிவதை அவரது பின்னாளைய ஆய்வு காட்டியது. மருந்துக்கு மருந்து கணக்கு மாறுகிறது.

எதிர்த்திசையில் ஒரு பிழை இருக்கிறது. அது எச்சரிக்கை என்ற வேடம் போட்டு வருவதால் யாரும் கண்டிப்பதில்லை. “கோலிக்கு இதயப்புழு மாத்திரையே கூடாது, அதில் ஐவர்மெக்டின் இருக்கிறது” என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இதயப்புழு கொசு கொண்டுவரும் கொலையாளி. அதைத் தடுக்க மாதம் ஒருமுறை தேவைப்படுவது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். மருந்து தாங்காத கோலிகளுக்கே அதைப்போல் பத்து மடங்கு கொடுத்துப் பார்த்தும் நச்சின் அறிகுறி தெரியவில்லை. சொறிக்குத் தினமும் கொடுப்பதோ 300 முதல் 600 மைக்ரோகிராம். பெயர் ஒன்று, அளவோ மடுவும் மலையும்.

குதிரைப் பண்ணைகளில் புழங்கும் ஐவர்மெக்டின் பசைக் குழாயோடு ஒப்பிட்டால் இது சட்டென்று விளங்கும். ஒரு குழாயில் சுமார் 113 மில்லிகிராம். 25 கிலோ நாய்க்கு மாதாந்திரத் தேவை 0.15 மில்லிகிராம். அந்த ஒரு குழாயில் 60 ஆண்டுக்கு மேலான மருந்து அடங்கியிருக்கிறது. பழுதுள்ள நாய் அதில் 45-ல் ஒரு பங்கை, அதாவது குதிரையின் வாயிலிருந்து தரையில் சிந்திய ஒரு சொட்டை, நக்கினாலே ஆபத்து எல்லையைத் தொட்டுவிடும். மருந்து கொடுத்த குதிரையின் சாணத்தைத் தின்று மயங்கிய நாய்களும் உண்டு. மாத்திரையைப் பூட்டி வைத்துவிட்டுக் குதிரைக் கொட்டிலைத் திறந்துவிடுகிற எச்சரிக்கை என்ன எச்சரிக்கை?

“போன தடவை போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களிடம் கேட்க வேண்டியது: எவ்வளவு போட்டீர்கள், கூட வேறென்ன கொடுத்தீர்கள்? தெள்ளுக்குக் கொடுக்கும் ஸ்பினோசாட், பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல் இரண்டும் அந்தக் காவலைத் தாமே தடுத்து நிறுத்தக்கூடியவை. அவற்றோடு சொறிக்கான பெரிய அளவு ஐவர்மெக்டின் சேர்ந்தால், மரபணு சரியாக உள்ள நாயும் தள்ளாடும். ஆக, சோதனையில் ‘பழுதில்லை’ என்று வருவது எதையும் எவ்வளவும் ஏற்றலாம் என்ற அனுமதிச் சீட்டும் அல்ல.

சோதனைக்கு எதிரான வாதங்களில் நான் மதிப்பது ஒன்றுதான்: நாய் துடிக்கும்போது முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. சரிதான். அப்போது இரண்டு பிரதியும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. சொறி என்றால் அதற்கும் இன்று மாற்று இருக்கிறது. ஐசோக்சசோலின் வகை மாத்திரைகள் சொறிப்பூச்சியைக் கொல்கின்றன. அவற்றுள் ஃப்ளூரலானர், பழுதின் இரண்டு பிரதியுள்ள கோலிகளுக்கு மும்மடங்கு அளவில் கொடுத்துச் சோதிக்கப்பட்டது, நாய்கள் தாங்கின. வலிப்பு வரும் நாய்களுக்கு மட்டும் இவற்றைக் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். ஆனால் இந்த அவசர வாதம், குட்டியாக இருக்கும்போதே சோதித்து வைப்பதற்குத்தான் துணை நிற்கிறது. கன்னத்தின் உட்புறம் மென்தூரிகையால் நாலு தேய்ப்பு, தபாலில் ஒரு உறை. மரபணு வயதானால் மாறாது. ஒருமுறை பார்த்தது ஆயுளுக்கும் போதும்.

சோதிக்கத் தொடங்கினால் பழுதுள்ள நாய்களையெல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்க வேண்டிவரும், இனமே அழியும் என்று சில வளர்ப்பாளர்கள் பயப்படுகிறார்கள். பத்துக் கோலியில் ஏழை ஒரேயடியாக ஒதுக்கினால் அப்படித்தான் ஆகும். அப்படி ஒதுக்கத் தேவையில்லை. ஒற்றைப் பிரதி நாயைப் பழுதில்லாத நாயோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்குப் பழுது வராது, ஒன்றுக்குக்கூட இரண்டு பிரதி வராது. எந்தக் குட்டி எது என்பது வெளியே தெரியாது. எல்லாவற்றுக்கும் கால் வெள்ளையாகத்தான் இருக்கும்.