வயிறு சுருங்கியது, வாழை இலை சுருங்கவில்லை

பண்டமாரானில் யாராவது ஒருவர் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்று தெரிந்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழும். "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்பது ஒன்று. "எவ்வளவு செலவாச்சு?" என்பது இன்னொன்று. அவர் இனி வாழ்நாள் முழுக்க என்ன சாப்பிடுவார், அதை வீட்டில் யார் சமைப்பார் என்று கேட்பவர் அரிது. ஆனால் சிகிச்சை பலிக்குமா இல்லையா என்பது அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மலேசியாவில் உடல் பருமன் இனி ஒருசிலரின் பிரச்சினை அல்ல. சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 2011-இல் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்களாக இருந்தனர். 2023-இல் அது 54.4 விழுக்காடு. நீரிழிவைப் பொறுத்தவரை இந்தியர்களின் நிலை இன்னும் மோசம். 2019 ஆய்வில் நாட்டின் சராசரி 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூவர்.

இதற்குப் பரம்பரை உடல்வாகு ஒரு காரணம். வேலை மாறியும் சாப்பாடு மாறாதது இன்னொரு காரணம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நண்பகல் வரை மரம் வெட்டிப் பால் சுமந்தவர்களுக்கு மூன்று வேளைச் சோறு தேவைப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. பிள்ளைகள் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள், பாதுகாவலர் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவாகவே இருக்கிறது. அதற்கு மேல் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சேர்ந்துகொண்டன.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

முன்பெல்லாம் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு 40-ஐத் தாண்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோயோடு 35-ஐத் தாண்டியவர்களுக்கும் மட்டுமே இது பரிந்துரைக்கப்பட்டது. 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அந்த வரம்பை, இத்துறையின் இரண்டு பெரிய மருத்துவச் சங்கங்கள் 2022-இல் தளர்த்தின. ஆசியர்களுக்கு 27.5 முதலே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றன. 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 70 கிலோ. அப்படிப் பார்த்தால், பண்டமாரானில் ஒவ்வொரு தெருவிலும் தகுதியுள்ளவர்கள் இருப்பார்கள். அதனால்தான் இது பற்றிய தெளிவு எல்லாக் குடும்பங்களுக்கும் தேவைப்படுகிறது.

அதிகம் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது வாழைப்பழ அளவில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பி நீர் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் உற்பத்தியாகிறது. ஆகவே பசியும் குறையும். பைபாஸ் முறையில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை மட்டும் விடப்பட்டு, குடல் அதனோடு நேரடியாக இணைக்கப்படும். உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடும்.

முதல் இரண்டு மாதம்

முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான நீராகாரம், அடுத்து மசித்த உணவு, அதன் பின் மென்மையான உணவு. வழக்கமான உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்குச் சற்று மாறினாலும் வரிசை இதுதான்.

அதன் பிறகும் சாப்பாடு பழையபடி திரும்புவதில்லை. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடமிருந்தால் கடைசியாகச் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மற்ற நேரங்களில் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. தமிழர் வீட்டுச் சமையலில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம் புரதம்தான் உண்டு. இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் சமைத்த மீனில் 20 கிராமுக்கு மேல். நான்கைந்து வாயில் வயிறு நிறைந்துவிடும் ஒருவர், அந்த நான்கைந்து வாயையும் ரசச் சோற்றில் செலவழித்தால் எடை குறையும்; கூடவே தசையும் கரையும். கறியைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். சிகிச்சைக்குப் பின் சோறுதான் கறிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாக வேண்டும்.

பந்தியில் படும் பாடு

கல்யாண மண்டபத்தில், கோயில் அன்னதானத்தில், கருமாதி வீட்டில் இலையில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு. "இன்னும் ஒரு கை போட்டுக்கோம்மா", "என்னண்ணே, சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். அந்த ஒரு கைச் சோறு வயிறு சுருக்கப்பட்டவருக்கு நெஞ்சில் அடைத்து, சில நிமிடங்களில் வாந்தியாக வெளியே வரும். இப்படி இரண்டு முறை அவமானப்பட்டவர் மூன்றாவது விசேஷத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்.

இனிப்பில் வேறு வகைத் தொல்லை. கேசரி, பாயசம், சிராப் பாண்டுங், பாக்கெட் மைலோ போன்றவை, முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, வேகமாகக் குடலுக்குள் இறங்கும். பத்து முதல் முப்பது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், வயிற்றுப்போக்கும் வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தத்தில் சீனி திடீரென இறங்கிவிடும். லோரி ஓட்டுநருக்கு அது சாலையில் உயிர் போகும் விஷயம்.

மாமாக் கடையில் இவர்கள் உட்காரவே கூடாது என்றில்லை. தே ஓ கோசோங், அரை வேக்காட்டு முட்டை, சானாய் இல்லாமல் ஒரு கிண்ணம் பருப்பு என்று கேட்டு வாங்கலாம். கூட வந்த நண்பர்கள் அதைக் கேலி செய்யாமல் இருந்தால் போதும். மதுவும் பழைய கணக்கில் நிற்காது. பைபாஸுக்குப் பின் பியரோ சம்சுவோ வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பறிபோனதும் சிலர் குடிக்கு மாறுவதும் மருத்துவ உலகம் கண்டறிந்த ஒன்று.

தோட்டங்கள் சொல்லிக்கொடுத்த பாடம்

அடிக்கடி வாந்தி எடுப்பவர்களை மருத்துவர்கள் அவசரமாகக் கவனிப்பதற்குக் காரணம் பி1 வைட்டமின். உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். அது தீர்ந்தால் நடை தள்ளாடும், பார்வை தடுமாறும், நினைவு குழம்பும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

இந்த வைட்டமினின் கதையில் மலாயாத் தமிழர்களுக்கு ஓர் இடமுண்டு. நூறாண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் அதிகம் பாதிக்கப்பட்டனர். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டான்டன் இருவரும் அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் அந்தச் சத்து இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டினர். பின்னாளில் பி1 என்று பெயர் பெற்றது அதுதான்.

அந்தத் தொழிலாளர்கள் வைட்டமினைப் பற்றி அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் வீட்டுப் பானையில் இருந்த அரிசியே அவர்களைக் காத்தது. இன்றும் சிகிச்சை பெற்றவரைக் காக்கப்போவது, மருத்துவமனைச் சீட்டோடு சேர்ந்து, வீட்டுப் பானைதான்.

பி1 மட்டும் போதாது. பி12, இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுக்க மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்க வேண்டும். கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு குடித்தால் சத்து உடலில் சேராது. மூட்டுவலிக்குக் கைக்கு வந்த பொன்ஸ்தானைப் போட்டுக்கொள்வதும் பைபாஸ் செய்தவருக்கு வயிற்றுப்புண்ணை வரவழைக்கும்.

விரதமும் விசேஷமும்

புரட்டாசியும் தைப்பூச விரதமும் வரும்போது பலருக்குக் குழப்பம். சைவம் தடையில்லை; புரதம்தான் கணக்கு. இந்த நாட்டிலேயே மலிவாகக் கிடைக்கும் தெம்பேயில் 100 கிராமுக்கு 19 கிராமளவு புரதம் உண்டு. தௌபு, பருப்பு, தயிர், கொண்டைக்கடலை ஆகியவையும் கைகொடுக்கும். ஆனால் தண்ணீர் கூடக் குடிக்காமல் பகல் முழுவதும் இருப்பதும், வெறும் வயிற்றில் பஞ்சாமிர்தம் சாப்பிடுவதும் ஆபத்து. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் விரதம் தொடங்குமுன் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு இன்னொரு நெருக்கடி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். அதற்குள் "சீக்காளி மாதிரி ஆயிட்டியே" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று மருமகளை மாதாமாதம் கேட்கும் குடும்பத்துக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாண்டுக் கணக்கு

சுவீடனில் 1987-இல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு விகிதம் குறைந்தது. அதே வேளையில், எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகக் கீழே இறங்கி, பிறகு கொஞ்சம் திரும்ப ஏறியது. நீரிழிவு இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அப்படி இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தான். "சீனி போச்சு" என்று பரிசோதனைக்குப் போவதை நிறுத்துபவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆபத்தே இல்லாத சிகிச்சையும் அல்ல இது. 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதற்காகச் சேர்ந்த 26 வயது இளைஞர் உயிரிழந்தார். அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக முடக்கப்பட்டது. அனுபவமுள்ள மையங்களில் மரணம் மிக அரிது. அதனால் எங்கே செய்கிறோம், யார் செய்கிறார், பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்பதை முன்பணம் கட்டுமுன் விசாரிப்பது அவசியம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை செய்யப்படுகிறது. தனியாரில் செலவு பல்லாயிரம் ரிங்கிட். காப்புறுதித் திட்டங்கள் பல இதை ஏற்பதில்லை. கடன் வாங்கிச் செய்துகொள்பவர் அறுவைக்கு மட்டும் கணக்குப் போட்டு, அதன் பின் ஆண்டுதோறும் வரும் இரத்தப் பரிசோதனை, மாத்திரை, புரதப் பவுடர் செலவை விட்டுவிடுகிறார். பணம் முடைப்பட்டால் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான்.

இதில் அரசாங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நீரிழிவு மாத்திரைக்காக ஒரு ரிங்கிட் கட்டி வரிசையில் நிற்கும் அதே வட்டாரச் சுகாதாரக் கிளினிக்கில், சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் தமிழில் கிடைக்குமானால், பலர் பாதியில் விட்டுப்போக மாட்டார்கள். தோசைக்கும் சாம்பாருக்கும் அளவு சொல்லாத உணவுப் பட்டியலால் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு என்ன பயன்?

கோயில் நிர்வாகங்களும் மண்டபக்காரர்களும் செய்யக்கூடியதும் உண்டு. அன்னதான வரிசையில் சிறு கிண்ணத்தில் பருப்பு, சுண்டல், தயிர் வைக்கலாம். "கொஞ்சம் போதும்" என்பவரிடம் காரணம் கேட்காமல் விடலாம். இது சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டும் உதவாது. பத்தில் மூவருக்கு நீரிழிவு உள்ள சமூகத்தில் அந்தச் சிறு கிண்ணத்துக்குக் கை நீட்டுபவர்கள் நிறையவே இருப்பார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது மூன்று மாதத்துக்கு மேல் ஓடாது. சமைக்கிற அம்மாவோ மனைவியோ களைத்துப்போவார். நோயாளி பழைய தட்டுக்கே திரும்புவார். சிகிச்சை தேதி குறிக்கும் நாளிலேயே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்: சீனி டப்பா எங்கே போகும், இரவுச் சோறு எவ்வளவு குறையும், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு யார் கூடப் போவார்?