திகதி முடிந்த காப்புறுதி, தெருவுக்கு வரும் குடும்பம்



கடந்த மழைக்காலத்தில் எமது தோட்டங்களில் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. இதில் சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களும் எமது சங்கத்தில் சந்தா கட்டும் குடும்பங்கள்.

மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த குழந்தையைத் தூக்கிவர ஒரு அக்கா நடந்துபோனார். கீழ்ப் பிரிவிலிருந்து வந்த முச்சக்கரவண்டி வளைவில் வழுக்கி அவர்மீது மோதியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டியவர் ஓடிப் போகவில்லை. அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், இரவு முழுக்க அங்கேயே நின்றார். நல்ல பிள்ளைதான். ஆனால் அவருடைய வண்டியின் காப்புறுதி முடிந்து நான்கு மாதமாகியிருந்தது.

பொலிஸ் நிலையத்தில் பேசி 50,000 ரூபாய் தவணையில் தருவதாக முடிவானது. சிங்களத்தில் எழுதிய கடிதம் ஒன்றில் அந்த அக்கா கையெழுத்து வைத்தார். இனி எதையும் கேட்கமாட்டேன் என்று அதில் இருந்ததை நாம் வாசித்துச் சொன்ன பிறகுதான் அவர் அறிந்தார். இரண்டு தவணை வந்தது. மூன்றாவது வரவில்லை. ஓட்டியவர் வண்டியை விற்றுவிட்டு இன்று கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார். அக்காவால் இன்னும் மலை ஏற முடியவில்லை.

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. ஆனாலும் இரண்டு குடும்பம் கீழே போய்விட்டது. காரணம் கட்டப்படாமல் விட்ட ஒரு காப்புறுதி. அதனால்தான் இம்முறை இந்தத் தலையங்கத்தை சம்பளத்துக்கோ காணிக்கோ எழுதாமல், வாகனத்தின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பத்திரத்துக்கு எழுதுகிறோம்.

எமது மக்களில் பலர் இன்சூரன்ஸை 'பொலிஸுக்குக் காட்டும் பேப்பர்' என்றே நினைக்கிறார்கள். வீதியில் பொலிஸ் இல்லாவிட்டால் அது தேவையில்லை என்றும், தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது வீண் செலவு என்றும் சொல்கிறார்கள். இந்த எண்ணம் பிழையானது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த மூன்றாம் தரப்பு யார்? வீதியோரம் கொழுந்துக் கூடையோடு நடந்துபோகும் நாம்தான். பாடசாலைக்குப் போகும் எமது பிள்ளைதான். வண்டிக்காரர் பணம் கட்டுகிறார், ஆனால் அது காப்பாற்றுவது வண்டியால் அடிபடுபவரை. அடித்தவர் ஏழையாக இருந்தாலும் அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகவே அந்தச் சட்டம் வந்தது.

வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கிறார்கள். பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். ஆகவே அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்த வண்டிக்குப் புதுப்பித்த அன்றாவது காப்புறுதி இருந்திருக்கும். ஆனால் இரண்டு பத்திரத்துக்கும் முடிவுத் திகதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒட்டிய அனுமதிப்பத்திரத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கலாம், காப்புறுதி நேற்றோடு முடிந்திருக்கலாம். அந்த அக்கா விஷயத்தில் நடந்ததும் இதுதான். வண்டியில் திகதி முடியாத அனுமதிப்பத்திரம் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்து நம்பிக்கொண்டிருந்தோம்.

எமது இளைஞர்கள் ஏன் இதைக் கட்டாமல் விடுகிறார்கள் என்பதையும் நியாயமாகப் பேச வேண்டும். லீசிங்கில் வண்டி எடுக்கும்போது முழுக் காப்புறுதி இல்லாமல் கம்பனி வண்டியைக் கொடுக்காது. லீசிங் முடிந்த அன்று, இனிக் கேட்பதற்கு ஆளில்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. டயரும் எண்ணெயும் வாங்கிய பிறகு காப்புறுதிக்கு மிஞ்சுவதில்லை. பிரதேச செயலகம் போய்வர ஒரு நாள் ஓட்டம் போகிறது. நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் நெடுங்காலம் 5 பிரதேச செயலகங்களே இருந்ததை எம்மவர்கள் மறக்க மாட்டார்கள். இப்போது இணையவழியிலும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம். ஆனால் அதைச் செய்து கொடுக்க லயத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' வண்டி வாங்குவது. வண்டி எமது கையில், புத்தகம் எங்கோ இருக்கும் ஒருவரின் பெயரில். கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்யாமல் விட்டால் விபத்து நடந்த அன்று வண்டிக்குச் சொந்தக்காரர் யார், காப்புறுதி யாருடையது என்ற கேள்வியிலேயே வருடங்கள் போய்விடும். விற்றவரும் தப்ப முடியாது, வாங்கியவரும் தப்ப முடியாது. காப்புறுதி இல்லாத வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, ஓட்ட விடுவதும் குற்றம். தம்பிக்கு இரவல் கொடுத்த மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்தும்.

இனிப் பிள்ளைகளின் விஷயம். காலையில் பாடசாலை வாசலில் நின்று பார்க்கும் எவருக்கும் தெரியும், மூன்று பேர் போக வேண்டிய முச்சக்கரவண்டியிலிருந்து எட்டுப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். பஸ் இல்லாத தோட்டங்களில் பெற்றோருக்கு வேறு வழியில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆனால் மாதக் காசு கொடுக்கும் பெற்றோர், அந்த வண்டியின் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கு எடுத்ததா, சொந்தப் பாவனைக்கு எடுத்ததா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? சொந்தப் பாவனைக்கு எடுத்த பத்திரத்தை வைத்து வாடகை ஓடினால், கம்பனி பணம் கொடுக்காமல் தட்டிக் கழிக்க அதுவே காரணமாகிவிடும். ஏற்ற வேண்டிய எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினாலும், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினாலும் அதே தகராறுதான் வரும்.

2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்லப் பாதையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாட்களில் நாடே மலையகத்தைப் பார்த்தது. ஆனால் தோட்டத்துப் பாதையில் ஒருவர் கால் முறிந்தால் செய்தி வராது, அமைச்சர் வரமாட்டார். அந்தக் குடும்பத்துக்குக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றுதான் துணை.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உயிர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வண்டியின் இலக்கத்தையும், கண்ணாடியில் உள்ள அனுமதிப்பத்திரத்தையும், காப்புறுதிப் பத்திரத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். சாட்சிகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பொலிஸில் கட்டாயம் முறைப்பாடு செய்யுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். கையெழுத்துக்கு முன்னால் தோட்டத் தலைவரை அழையுங்கள், சங்கக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு அபராதம் போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும் பணம். உங்களுடைய நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடலாம். அதை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குத் தொடங்குவதற்கு முன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இந்த ஏழு நாளைத் தவறவிட்டால், வென்ற தீர்ப்பும் கம்பனியிடம் செல்லாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வேலை நேரத்தில் தோட்டத்து லொறியிலோ டிரக்டரிலோ அடிபட்டால் அது வேறு கணக்கு. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொழில் கொடுப்பவர் பொறுப்புச் சொல்ல வேண்டும். 2022 இல் செய்த திருத்தத்தின் பின், வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் இதற்குள் வருகின்றன. 'வேலை முடிந்துதானே அடிபட்டாய்' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த அக்காவின் விடயத்தை இந்தச் சட்டத்தின் கீழ் எமது சங்கம் இப்போது எடுத்திருக்கிறது. கடிதத்தில் கையெழுத்து வைத்த அன்று எம்மில் ஒருவரும் அவர் பக்கத்தில் இல்லை. அது எமது குறை. அதை ஏற்றுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

எமது கோரிக்கைகள் இவை. தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் காப்புறுதியும், அதில் ஏறுபவர்களுக்கு அது பொருந்துகிறதா என்பதும் தோட்டக் கமிட்டிக்குக் காட்டப்பட வேண்டும். காப்புறுதிக் கம்பனிகள் தமிழ்பேசும் மக்களுக்குத் தமிழில் பத்திரம் கொடுக்க வேண்டும். பணத்தைத் தமிழில் பேசி வாங்குகிறவர்கள் பத்திரத்தை மட்டும் ஆங்கிலத்தில் கொடுப்பது என்ன நியாயம்? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடத்தில் சில நாட்களாவது தோட்டப் பகுதிகளுக்கு நடமாடும் சேவை வர வேண்டும். மோதிவிட்டு ஓடிய வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டு ஏற்பாடு இருக்கிறது. காப்புறுதி இல்லாத வண்டியால் அடிபட்ட ஏழைக்கும் இழுத்தடிப்பில்லாமல் உதவி கிடைக்க வேண்டும்.

மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்கட்டும். தோட்டத்தில் ஓடும் முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றினதும் அனுமதிப்பத்திரம் முடியும் திகதியை ஒரு பக்கத்திலும், காப்புறுதி முடியும் திகதியை அடுத்த பக்கத்திலும் எழுதட்டும். ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும். பொலிஸுக்குக் காட்டிக்கொடுப்பதற்கான கொப்பியாக அதை யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சீட்டுப் பிடிக்கும் நாம், காப்புறுதிக்கும் மாதம் கொஞ்சமாகச் சீட்டுப் பிடிக்கலாம். இணையவழியில் புதுப்பிக்கத் தெரிந்த படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் உட்கார்ந்து தெரியாதவர்களுக்கு உதவலாம். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நாமே வருகிறோம்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வருவதற்கு எத்தனை வருடம் கொடி பிடித்தோம், எத்தனை நாள் பெயர் இழந்தோம்? அப்படிப் போராடி வாங்கிய சம்பளம் ஒரு வளைவில், ஒரு நிமிடத்தில் இல்லாமல் போகிறது. சம்பளத்தைக் கூட்டுவது எவ்வளவு சங்க வேலையோ, கூட்டிய சம்பளத்தைக் காப்பதும் அவ்வளவு சங்க வேலைதான்.

வண்டி வைத்திருக்கும் தம்பிமாரே, இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரத்தின் திகதியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், காப்புறுதியின் திகதியைப் பாருங்கள். முடிந்திருந்தால், கட்டும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். நாளை மாலை மடுவத்திலிருந்து அந்தப் பாதையில் நடந்து வரப்போவது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம்.