ஜீவனாம்ச வழக்கும் மொழியும்

ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்று 2020 நவம்பர் 4-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரமே அவகாசம். நல்ல தீர்ப்பு, சம்பளத்தை மறைத்து வந்தவர்களுக்குக் கடிவாளம்.

ஆனால் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தப் பத்திரம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் வந்து சேரும். மலையாளம் பேசத் தெரிந்த பலருக்கும் எழுத்து தெரியாது. 1984-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வக்கீல் வைப்பதும் உரிமையல்ல, அனுமதிதான். வக்கீல் இருந்தாலும், கடை யார் பெயரில் இருக்கிறது, நகை எங்கே அடகில் கிடக்கிறது என்பதெல்லாம் மனைவிக்குத்தானே தெரியும்? பொய்யைச் சுட்டிக்காட்ட வேண்டியவரே படிக்க முடியாவிட்டால் பத்திரம் கொடுத்தென்ன பயன்?

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி தர 1987-ம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பையும் அதிலேயே சேர்த்துத் தரலாம்.