ஒரே வீடு, இரண்டு அடுப்பு: கணக்கெடுப்பில் நீங்கள் ஒரு குடும்பமா, இரண்டா?

கீழ்த்தளத்தில் அப்பா, அம்மா. மாடியில் மகன், மருமகள், குழந்தை. கேட் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. கேட்டால் 'நாங்க கூட்டுக் குடும்பம்தாங்க' என்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படி எழுதிக்கொள்ளாது. மாடியில் தனியாக உலை வைத்தால், அது இரண்டு குடும்பம்.

2027 கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கப்பட்டது. அதற்குள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள். தலைகளை எண்ணும் வேலை 2027 பிப்ரவரியில். வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், திருமணமான தம்பதிகள் எத்தனை என்பதெல்லாம் முதல் கட்டக் கேள்விகள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், 'வீட்டில்' என்றால் யார் யார் என்பது முடிவாக வேண்டுமே?

அளவுகோல், சமையலறை

வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கணக்கெடுப்பின் வரையறை இவ்வளவுதான். ரத்த உறவு கட்டாயமில்லை. வேலை காரணமாக ஒருவர் வீட்டில் சாப்பிட முடியாமல் போனாலும் பரவாயில்லை. ஆகவே, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஃபிளாட் எடுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் மூன்று நண்பர்களும் ஒரு குடும்பமே. அவர்களில் ஒருவர் 'குடும்பத் தலைவர்' ஆகிவிடுவார். யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். மெஸ் சாப்பாட்டோடு இருக்கும் விடுதிகள் வேறு கணக்கு. அவை 'நிறுவனக் குடும்பம்' என்ற வகையில் வரும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, குடும்பங்கள் சுமார் 1.85 கோடி. சராசரியாக ஒரு குடும்பத்துக்கு 3.9 பேர். நாட்டின் சராசரி 4.9. 'கூட்டுக் குடும்பம் அழிஞ்சுபோச்சு' என்று இந்த எண்ணைக் காட்டி வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குழந்தைகள் குறைந்தாலே இந்தச் சராசரி இறங்கும். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி அடுப்பு வந்தாலும் இறங்கும். யாரும் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை.

முதியவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். 2017-18இல் நடந்த 'லாசி' தேசிய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் துணைவர், பிள்ளைகள் இருவரோடும் இருப்பவர்கள் சுமார் 41 சதவீதம். துணைவர் இல்லாமல் பிள்ளைகளோடு இருப்பவர்கள் 28 சதவீதம். கணவனும் மனைவியும் மட்டும் என்றால் 20 சதவீதம். தன்னந்தனியாக இருப்பவர்கள் கிட்டத்தட்ட 6 சதவீதம். பின்கட்டில் தானே கஞ்சி வைத்துக் குடிக்கும் பாட்டி, மகன் பத்தடி தூரத்தில் இருந்தாலும், அடுப்புக் கணக்கில் தனி ஆள். மகன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய் 'பிள்ளைகளோடு' என்ற கட்டத்தில் போய்விடுவார். இருவரில் யாருக்கு உதவி அவசரம் என்பதை இந்தக் கட்டங்கள் சொல்லாது.

ரேஷன் கார்டு பயம்

தமிழ்நாட்டில் புதிய குடும்ப அட்டைக்கும் தனியாக வசித்து, தனியாகச் சமைக்க வேண்டும் என்பதே விதி. சரிபார்க்க வருகிறவர் அடுப்படியை எட்டிப் பார்ப்பது அதனால்தான். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருவருக்குத்தான். தனி அட்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

'கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட சேர்ந்து சாப்பிடறோம்னு சொன்னா கார்டு போயிடுமோ?' என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது. தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், 15ஆவது பிரிவு தனிநபர் பதில்களை யாரும் பார்வையிடத் தடை போடுகிறது. அவற்றை நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. உள்ளதைச் சொல்லலாம்.

சட்டம் அடுப்பைப் பார்ப்பதில்லை

பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு என்று வந்தால் கதையே வேறு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் சமையலறைக்கு இடமே இல்லை. தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத தாயும் தந்தையும், வயதுவந்த பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். தனிக்குடித்தனம் போய் இருபது வருஷமாச்சு என்பது பதிலாகாது. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை வைத்திருக்கிற அல்லது அது வந்து சேரப்போகிற உறவினரிடம் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் மனுவைக் கொடுக்க வேண்டியது கோட்டாட்சியரிடம். சட்டம் சொல்லும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007இல் போட்ட தொகை. வரம்பை நீக்க 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்டவர்கள், 23ஆவது பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. எழுதாமல் விட்டு, அது இருந்ததா இல்லையா என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று புரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.