பயிர்த் தொழில் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி எங்கே?

மேல்நிலைப் பள்ளியில் மகனையோ மகளையோ வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவில் சேர்க்கும் சிறு விவசாயி, இரண்டு ஆண்டுகளுக்கு வயல் வேலையில் ஒரு கை குறைவதைப் பொறுத்துக் கொள்கிறார். களையெடுக்கவும் மருந்தடிக்கவும் கூலிக்கு ஆள் வைத்துக் கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். படிப்பு முடிந்து வரும் பிள்ளை, தகப்பனுக்குத் தெரியாத நல்ல முறை ஒன்றையாவது தன் கையால் செய்து காட்ட வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. இது நியாயமான எதிர்பார்ப்பு. இது நிறைவேறுவதும் நிறைவேறாததும் பெரும்பாலும் கற்பிக்கும் ஆசிரியரைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே அதனுடன் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. வேளாண்மையும் அதில் இடம் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் தொழிற்கல்வி ஆசிரியர்களாகப் பலர் பகுதி நேர அடிப்படையிலேயே அமர்த்தப்பட்டனர். பின்னர் 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம் பேரையும், 1995-க்குள் 25 சதவீதம் பேரையும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வகுத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. மாணவர் தொகைக்குக் காட்டிய அக்கறையை ஆசிரியர் பயிற்சிக்குக் காட்டாமல் விட்டது அவற்றுள் முக்கியமானது.

இரு வகைத் திறமை

வேளாண்மைப் பட்டம் பெற்றவருக்குப் பயிரைப் பற்றித் தெரியும். அதைப் பதினாறு வயது மாணவனுக்குக் கற்பிக்கும் வகை தானாகத் தெரிந்துவிடாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டம் பெற்றவருக்கு வகுப்பை நடத்தத் தெரியும். வயலில் அவர் கை பழகியிருக்க வேண்டும் என்பதில்லை. தொழிற்கல்வி ஆசிரியருக்கு இவ்விரண்டும் வேண்டும்.

போர்டோ கலவையை எடுத்துக் கொள்வோம். தென்னையில் குருத்தழுகல் நோய்க்கு இது பழைய, மலிவான மருந்து. ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று மாணவன் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கி விடலாம். ஆனால் துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கரைக்க வேண்டும். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. கலந்தபின், தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சேர்க்க வேண்டும். இதைக் கவனியாமல் அடித்தால் இலை கருகிப் போகும்.

இந்தக் கத்திச் சோதனையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது வேறு, முப்பது மாணவர்களும் ஆளுக்கொரு முறை கத்தியை அமிழ்த்திப் பார்க்கும்படி செய்வது வேறு. இரண்டாவதற்கு ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எந்தப் படியில் மாணவன் தவறுவான், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், அவன் தனியே செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது தனிக் கலை. பயிற்சியால் மட்டுமே வரும்.

முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தொழிலுக்குப் புதிய ஆட்களைப் பழக்க நேர்ந்த அமெரிக்கர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. சார்லஸ் ஆலன் என்பவர் கற்பித்தலை நான்கு படிகளாகப் பிரித்தார். முதலில் கற்பவனின் மனத்தைத் தயார் செய்தல், அடுத்துச் செய்து காட்டுதல், பிறகு அவனைச் செய்ய விடுதல், கடைசியில் துணையின்றிச் செய்கிறானா என்று சோதித்தல். இதை 1919-இல் நூலாகவும் வெளியிட்டார். நம் பள்ளிகளில் பல நேரம் இரண்டாம் படியோடு பாடம் முடிந்து விடுகிறது. சில இடங்களில் அந்தப் படியும் வாய்ப் பேச்சாகவே முடிகிறது.

சட்டம் செய்த வேலை

அமெரிக்காவில் 1917-ஆம் ஆண்டு ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்தது. பள்ளிகளில் வேளாண்மைத் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணம் கிடைக்க அது வழி செய்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமின்றி, அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கும் அது பணம் ஒதுக்கியது. ஆசிரியர் பயிற்சியை விட்டுவிட்டுத் தொழிற்கல்வியைத் தொடங்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் கருத்து. வேளாண்மை பயிலும் மாணவன் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், பள்ளிப் பண்ணையிலோ வேறு பண்ணையிலோ, மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு முன்பே, 1908-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்ற ஆசிரியர் மாணவர்களைத் தங்கள் வீட்டு நிலத்திலேயே பயிர் செய்ய வைத்து, நேரில் போய்ப் பார்த்துக் கற்பிக்கும் முறையைக் கொண்டு வந்தார். அங்குள்ள பண்ணைகள் பெரியவை; நம்முடையவை சிறியவை. ஆனாலும் வீட்டு நிலமே பள்ளிக்கூடம் என்ற கொள்கை ஒரு ஏக்கர்காரருக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. பல்நோக்குப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1963-இல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. வேளாண்மை ஆசிரியருக்கான பயிற்சியும் அவற்றின் நோக்கத்தில் அடங்கியிருந்தது. பல்நோக்குப் பள்ளித் திட்டம் தளர்ந்தபின் அந்த முயற்சி பரவலாக வேரூன்றவில்லை. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்காகச் சென்னை தரமணியில் 1964-லேயே பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது. தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு. லேத் ஓட்டக் கற்பிப்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக் கொண்ட நாம், நாற்று நடக் கற்பிப்பவருக்கும் அது வேண்டும் என்பதை இன்னும் முழுமையாக ஒப்புக் கொள்ளவில்லை.

எப்படிப்பட்ட பயிற்சி?

பட்டம் பெற்றபின் ஓராண்டு மேற்பயிற்சி என்று வைத்துக் கொண்டால், அதை மூன்று பங்காகப் பிரிக்கலாம். ஒரு பங்கு, ஒரு பயிர்ப் பருவம் முழுவதும் ஏதாவது ஒரு சிறு விவசாயியோடு இருந்து, விதை நேர்த்தி முதல் அறுவடை வரை உடன் உழைப்பது. இரண்டாம் பங்கு, மேல்நிலைப் பள்ளியில் அனுபவமிக்க ஆசிரியரின் கீழ்ச் செய்முறை வகுப்பு நடத்துவது. மூன்றாம் பங்கு, வேலையைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லுதல், மாணவனின் கைத்திறனை மதிப்பிடுதல், பண்ணைக் கணக்கு எழுதுதல் ஆகியவற்றைப் பயில்வது.

இதன் இறுதித் தேர்வு எழுத்துத் தேர்வாக மட்டும் இருக்கக் கூடாது. பயிற்சி பெறுபவர் பத்து விவசாயிகள் முன்னிலையில் மாணவர்களுக்கு மண் மாதிரி எடுக்கக் கற்பித்துக் காட்டட்டும். நிலத்தில் எத்தனை இடத்தில் எடுப்பது, ஏன் வரப்போரத்திலும் எருக்குழி அருகிலும் எடுக்கக் கூடாது என்று விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். அங்கே தேறுபவர் எந்த வகுப்பிலும் தேறுவார். வேளாண்மைப் பல்கலைக் கழகமும் கல்வியியல் துறையும் சேர்ந்து இப்பயிற்சியை நடத்தினால்தான் பயன் உண்டு. ஒன்று மட்டும் நடத்தினால் மீண்டும் பாதி ஆசிரியரே கிடைப்பார்.

இதற்குச் செலவாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பயிற்சியற்ற ஆசிரியரிடம் ஆண்டுதோறும் முப்பது பிள்ளைகள் இழக்கும் இரண்டு ஆண்டுகளும் செலவுதான். அது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. விவசாயியின் வீட்டுக் கணக்கில் மட்டுமே ஏறுகிறது. பிள்ளைகளுக்கே விவசாயத்தில் நாட்டமில்லை என்றும் சொல்லப்படுகிறது. கையால் ஒன்றைச் செய்து அது பலித்ததைக் கண்ட மாணவனுக்குத்தான் நாட்டம் பிறக்கும். மனப்பாடம் செய்தவனுக்கு எப்படிப் பிறக்கும்?

விவசாயிகள் செய்யக் கூடியது

அரசு முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் விவசாயிகளுக்கு இடமுண்டு. வேளாண்மைப் பிரிவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் வயலில் நிற்கிறார்கள் என்று அங்கே கேட்கலாம். பிள்ளையின் செய்முறை ஏட்டை வாங்கிப் பார்த்து, அதில் எழுதியதை வீட்டில் செய்து காட்டச் சொல்லலாம். வசதியுள்ளவர் ஐந்து சென்ட் நிலத்தைப் பிள்ளையின் பொறுப்பில் விட்டு, அதைப் பார்வையிட வருமாறு ஆசிரியரை அழைக்கலாம். அறுவடை நாளிலும் நாற்றுப் பறிக்கும் நாளிலும் வகுப்பையே வயலுக்கு வரச் சொல்லலாம்.

இப்படி அழைக்கப்படும் ஆசிரியர் தமக்குப் பயிற்சி தேவை என்பதைத் தாமே உணர்வார். மேலிடத்தில் அதைக் கேட்கவும் துணிவார். ஆசிரியர் மட்டும் கேட்டால் அது தனி மனிதர் குறையாகவே போய்விடும். அவரோடு ஊர் விவசாயிகளும் சேர்ந்து, ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்பாடு வேண்டும் என்று பள்ளித் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும். வரும் கல்வி ஆண்டு தொடங்கும் முன்பே அந்தத் தீர்மானம் போவது நல்லது.