காகிதத்தில் தொடங்குக, கணினியை வெல்லுக!

"தோழரே! மகன் கம்ப்யூட்டர் படிப்பில் சேரப் போகிறான். கல்லூரி திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் கோடிங் கற்றுத் தருகிறோம் என்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள். கேட்கும் கட்டணமோ என் மூன்று மாதக் கூலி! கட்டட்டுமா? கடன் வாங்கட்டுமா?"

விசைத்தறித் தொழிலாளத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் ஒருவர், கேட்கத் தயங்கி நிற்போரோ பலர். ஆகவே, பதிலை அவர் காதோடு சொல்லி முடிக்காமல் ஏட்டிலேயே எழுதுகிறோம்.

கட்ட வேண்டாம்! கடன் வேண்டவே வேண்டாம்! ஆனால், அந்த இரண்டு மாதத்தை வீணாக்கவும் வேண்டாம்!

கல்லூரியின் முதல் வாரத்தைச் சற்றே கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஆசிரியர் ஆங்கிலத்திலே பேசுகிறார். "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று கூறி, இரண்டு பாடங்களைத் தாண்டிப் போகிறார். முன் வரிசைப் பிள்ளை தலையாட்டுகிறான். ஆறாம் வகுப்பிலேயே அவன் வீட்டிலே கணினி இருந்தது. பின் வரிசையிலே நம் தறிக்காரர் மகன். அவனுக்குப் புரியவில்லை, கேட்கவோ கூச்சம், கேட்காததால் அடுத்த பாடமும் புரியவில்லை. முதல் தேர்வில் தோற்கிறான். "எனக்கு இதற்கு மூளை இல்லை" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான்!

மூளையா இல்லை? முன்பயிற்சி இல்லை! அந்தக் குறையைத்தான் இரண்டு மாதத்தில் நீக்கிவிடலாம் என்கிறோம்.

நிரல் எழுதுவது ஏதோ மாடிவீட்டு மந்திரம் என்று மயங்குகிறோம். அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1804ஆம் ஆண்டையொட்டி, பிரான்சு நாட்டு லியோன் நகரின் ஜக்கார்டு என்பவர் தறியிலே துளையிட்ட அட்டைகளைக் கோத்தார். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. அட்டை மாற மாற, வரிவரியாகப் பூ விரியும். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் தலைமேல் இருக்கும் அதே ஜக்கார்டு பெட்டிதான்! இங்கிலாந்தின் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். அந்தப் பொறிக்கு ஒரு கடினமான கணக்கைப் படிப்படியாக எழுதிக் காட்டி, 1843இல் வெளியிட்டார் அடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. பொறியோ கடைசிவரை முழுமையாகக் கட்டப்படவே இல்லை. எந்திரம் வருமுன்னே நிரல் வந்துவிட்டது, காகிதத்திலே!

ஆகவே, கணினி வாங்க வழியில்லையே என்று கலங்காதீர். காகிதத்தில் தொடங்கட்டும் பிள்ளை.

எதை எழுதுவது? பேருந்து நடத்துநரைப் பாருங்கள். 17 ரூபாய்ச் சீட்டுக்கு 50 ரூபாய்த் தாள் நீட்டுகிறோம். மீதி 33. அவர் 20 ரூபாய்த் தாள் ஒன்று எடுக்கிறார், மீதி 13. 10 ரூபாய் எடுக்கிறார், மீதி 3. பிறகு 2, பிறகு 1. மீதி சுழியானதும் நிறுத்துகிறார். மீதிக்கு மிகாத பெரிய பணத்தை எடு, கழி, மீதி இருந்தால் மறுபடியும் செய்! இதுதான் நிரல்!

மாறிக்கொண்டே வரும் அந்த மீதிக்கு 'மாறி' என்று பெயர். மிகுமா, மிகாதா என்று பார்ப்பது 'நிபந்தனை'. திரும்பத் திரும்பச் செய்வது 'மடக்கு'. சில்லறையே இல்லாவிட்டால் என்ன செய்வது? ஆம், அதையும் முன்கூட்டியே எண்ணி எழுத வேண்டும்! எழுதாவிட்டால் பயணிக்கும் நடத்துநருக்கும் சண்டை வருவது போல, நிரலும் நடுவழியில் நின்றுவிடும்.

இப்படிப் பத்துக் கணக்குகளைக் காகிதத்தில் எழுதட்டும்: வட்டிக் கணக்கு, கூலிக் கணக்கு, மின்கட்டணக் கணக்கு. அதன் பின்னர் ஒரு மொழி, ஒரே ஒரு மொழி. நெதர்லாந்தின் கைடோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் போதும். அதற்குக் காசு இல்லை, கைப்பேசியிலும் இயங்கும். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த நம் மாநில மேல்நிலைக் கணினி அறிவியல் நூல்களில், பதினோராம் வகுப்புக்குச் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான், இரண்டும் தமிழிலேயே இருக்கின்றன. வேறு பிரிவில் படித்த பிள்ளையும் அந்த நூலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தமிழில் பொருள் விளங்கட்டும். பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லையும் குறித்துக்கொள்ளட்டும். கல்லூரியில் அந்தச் சொல் காதில் விழும்போது, அயலாராக அல்ல, அறிமுகமானவராக வரும்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. விரலால் அடித்துப் பார்க்க வேண்டும். பிழை என்று கணினி சொன்னால் பதற வேண்டாம். எந்த வரியில் பிழை என்பதையும் பெரும்பாலும் அதுவே காட்டும். அறுந்த இழையைக் கண்டு தறிக்காரர் அழுகிறாரா? தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறார்! பிள்ளையும் அதைத்தான் செய்ய வேண்டும்.

"இப்போது எந்திரமே நிரல் எழுதித் தருகிறதாமே, பிறகு எதற்குப் படிப்பது?" என்பாரும் உளர். எழுதித் தருகிறது, உண்மை. தந்தது சரியா தவறா என்று சொல்வது யார்? கணக்குத் தெரியாதவன் கையில் கணக்கப்பிள்ளை கொடுத்த சீட்டு என்ன ஆகும் என்பதை, தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மாரைக் கேட்டால் தெரியும்!

இரண்டு மாதத்தில் பிள்ளை மேதையாகிவிட மாட்டான். ஆனால், "தெரிந்ததுதானே" என்று ஆசிரியர் கேட்கும்போது தலை குனியமாட்டான். தெரியாததைத் தெரியாது என்று எழுந்து கேட்பான். அதுவே போதும் தொடக்கத்துக்கு!

தோழரே! துண்டறிக்கையை மடித்து வையுங்கள். அதன் பின்புறம் வெற்றிடமாக இருந்தால் இன்னும் நல்லது. மகன் கையில் பென்சிலைக் கொடுங்கள். முதல் கணக்கை அதிலேயே எழுதட்டும்!